பேட்டரியின் பச்சைக் கண்

"உன் காரில் இருக்கும் அதே பேட்டரியை நானும் போட்டுக்கொள்ளலாமா?" என்று நண்பன் கேட்டான். இரண்டு வாரங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் யோசிக்காமல் "போடு" என்றிருப்பேன். 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லி விற்கும் மூடிய வகை. பாளையங்கோட்டை வெயிலில், நிழலே இல்லாத தெருவோரத்தில் நான்கு ஆண்டுகள் நின்றும் ஒரு காலையில்கூடச் செல்ஃப் எடுக்காமல் என்னை நிறுத்தியதில்லை. அந்த உழைப்பை நான் மறுக்க மாட்டேன்.

அம்மாவின் இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்காக மார்ச்சில் கோவை போனவன் ஆகஸ்டில்தான் திரும்பினேன். கார் ரிமோட் வேலை செய்யவில்லை. சாவியை நுழைத்துக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு விளக்கும் இல்லை. பானட்டைத் தூக்கினேன். பாசிட்டிவ் டெர்மினல் மேல் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. அந்த நீலப்பச்சை, அமில ஆவி கிளாம்பில் உள்ள செம்பைத் தின்று உண்டாக்கிய உப்பு. நம் ஊர் விவசாயி மயில்துத்தம் என்று சொல்லும் அதே சரக்கு.

கையுறை போட்டுக்கொண்டு முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றினேன். இந்த வரிசை முக்கியம். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைத்தது. மூன்று தடவை ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்த பிறகு அடியில் ஈயம் பளிச்சென்று தெரிந்தது. பூட்டிப்போன நட்டைத் திருப்பத்தான் அரை மணி நேரம் பிடித்தது.

இதுவரை குற்றம் என்னுடையது. நின்ற வண்டியிலும் அலாரமும் கடிகாரமும் கணினியும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஒரே மாதத்தில் 35-உம் காலி. அப்படி வெறுமையாகவே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு சார்ஜ் சரியாக ஏறாது. கிளம்பும்போது நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

என் கோபம் வேறு. பேட்டரிக் கடை அண்ணாச்சி இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். கறுத்துப்போயிருந்த அந்தச் சின்னக் கண், சார்ஜ் நிலையைக் காட்ட மேல் மூடியில் இருக்குமே, பச்சையாகிவிட்டது. மாலையில் வண்டி வீடுவரை ஓடி வந்தது. பிழைத்துவிட்டது என்று அம்மாவுக்குப் போன் செய்தே சொன்னேன். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் டக், டக், அவ்வளவுதான். பானட்டைத் திறந்து பார்த்தேன்: கண் பச்சையாகவே இருந்தது.

மல்டிமீட்டர் 10.4 வோல்ட் காட்டியது. பேட்டரிக்குள் தனித்தனி அறைகளாக ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், மொத்தம் 12.6 இருக்க வேண்டும். குறைவது கிட்டத்தட்ட ஒரு செல்லின் கணக்கு. "சார், அந்தக் கண் ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கும். போனது வேறு செல்" என்றார் அண்ணாச்சி.

நான்கு ஆண்டுகளாக மாதம் தவறாமல் துடைத்துத் துடைத்துப் பார்த்த கண் அது! பச்சை என்றால் நல்ல நிலை என்று மேலே ஒட்டியிருக்கிறார்கள். ஆறில் ஒன்று மட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? பழைய பேட்டரிகளில் ஆறு மூடிகள் இருக்கும். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டு எந்தச் செல் சோர்ந்திருக்கிறது என்று நாமே பார்த்துவிடலாம். அந்த ஆறு வாசலையும் அடைத்துவிட்டு ஒரு பொட்டைக் கொடுத்து, அதை வசதி என்கிறார்கள்.

அதனால் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நான்கு ஆண்டு உழைத்ததே என்றான். உழைத்தது, உண்மைதான். இருந்தாலும் வேண்டாம்.

பழையதைக் கொடுத்து, ஈயத்தின் விலையைக் கழித்துக்கொண்டு, திறந்து பார்க்க ஆறு மூடிகள் உள்ள பேட்டரி ஒன்றை வாங்கிவிட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், ஊற்றுகிறேன். டெர்மினல்களில் வாசலின் தடவியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு செல்லையும் ஹைட்ரோமீட்டரால் பார்த்துக் குறித்துவைத்தேன். ஐந்து செல்களில் 1260, நான்காவதில் மட்டும் 1250. அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது முதலில் அந்த நான்காவதைத்தான் பார்ப்பேன்.