ஊழியர் கையில் கொடுத்த பணம் வங்கியில் கட்டிய பணம் ஆகாது

"நீங்க எதுக்கு சார் வரிசையில நிக்கணும்? பணத்தைக் குடுங்க, மத்தியானம் நானே போட்டுடறேன்."

வங்கி ஊழியர் வாடிக்கையாளரின் பணத்தைச் சுருட்டிய கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. சொல்பவர் முன்பின் தெரியாதவர் இல்லை. பல வருஷமாக அதே கிளையில் இருப்பவர், வீட்டு விசேஷங்களுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர். மாட்டிக்கொள்பவர்கள் கடையை விட்டு நகர முடியாதவர்கள், பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், வெளியூரில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்கள். இவர்கள் ஏமாளிகள் அல்ல. வங்கியை நம்பினார்கள். அந்த நம்பிக்கையை ஒரு தனி ஆள் தன் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் சில மாதங்கள் எல்லாம் சுத்தமாக இருக்கும். கொடுத்த அன்றே வரவு, மறுநாளே சலான் அடிக்கட்டை. பிறகு ஒருநாள் "சர்வர் டவுன், நாளைக்கு ஏத்திடறேன்" என்பார். அன்று நீங்கள் கொடுத்த 40,000 ரூபாய் அவருடைய சொந்தக் கடனுக்குப் போயிருக்கும். அடுத்த வாரம் வேறொருவர் 60,000 கொடுப்பார். அதிலிருந்து 40,000-ஐ எடுத்து உங்கள் கணக்கில் வரவு வைப்பார். அவர் பணத்தில் விழுந்த அந்த 40,000 ஓட்டையை நிரப்ப மூன்றாவது ஆள் வேண்டும். ஓட்டை இப்படி ஒவ்வொரு கணக்காக நகர்ந்துகொண்டே போகும். யாராவது ஒருவர் பாஸ்புக்கை வேறு கவுன்டரில் நீட்டும்வரை வெளியே தெரியாது.

இதைச் செய்பவரால் லீவு போட முடியாது. அவர் இல்லாத நாளில் வேறொருவர் கணக்கைத் திறந்தால் கதை முடிந்துவிடும். முக்கியமான பொறுப்புகளில் இருக்கும் வங்கி ஊழியர்களை ஆண்டுதோறும் முன்னறிவிப்பில்லாமல், தொடர்ச்சியாக 10 வேலை நாட்களுக்குக் குறையாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் விதி வகுத்ததும் இந்த மாதிரி மோசடிகளை வெளிக்கொண்டு வரத்தான். "நான் இருக்கும்போது மட்டும் வாங்க, மத்தவங்களுக்கு உங்க கணக்கு தெரியாது" என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே உஷாராகுங்கள். கணினியில் இருக்கும் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.

சட்டம் எந்தப் பக்கம் நிற்கும் என்பதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். ஊழியர் திருடினால் வங்கி கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று நினைப்பது இயல்பு. எப்போதும் அப்படி இல்லை. இன்றைய ஸ்டேட் பேங்க் இம்பீரியல் வங்கியாக இருந்த காலத்து விவகாரம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-இல் தீர்ப்பானது. பக்கத்து வீட்டுக்காரர், அதே வங்கியில் வேலை பார்ப்பவர் என்ற பழக்கத்தில் ரொக்கமும் காசோலையும் கொடுத்தனுப்பினார்கள். ரசீது வாங்கவில்லை. அவர் பணத்தைக் கையாடிவிட்டு, பாஸ்புக்கில் பொய் என்ட்ரி போட்டுக் கொடுத்திருந்தார். பணத்தை அவர் வாங்கியது வங்கியின் ஆளாக அல்ல, டெபாசிட் போடுபவரின் நண்பராக, எனவே வங்கி பொறுப்பல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-இல் கிசான் விகாஸ் பத்திரம் என்ற அஞ்சலகச் சேமிப்புப் பத்திரம் தொடர்பான வழக்கு ஒன்றில் நிலைமை வேறு. அங்கே அஞ்சலக ஊழியர் தன் அலுவலக வேலையைச் செய்யும்போது நடந்த மோசடி என்பதால் அஞ்சல் துறையைப் பொறுப்பாக்கியது அதே நீதிமன்றம். நட்புக்காகக் கொடுத்ததா, கவுன்டரில் கட்டியதா என்ற கேள்விக்கு உங்கள் கையில் இருக்கும் தாள்தான் பதில் சொல்லும். அங்கீகாரமில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரைக் காக்க 2017-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி, கையில் கொடுத்த ரொக்கத்துக்குப் பொருந்தாது.

அந்தத் தாளைக் கூர்ந்து பாருங்கள். அடிக்கட்டையில் ஒரு ரப்பர் சீல் மட்டும் இருந்தால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. சீல் மேஜை மேல்தான் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் குத்தலாம். தேதியுடன் கூடிய ரொக்கம் பெற்ற சீல், கேஷியரின் கையெழுத்து, கணினியில் ஏறியதும் கிடைக்கும் பரிவர்த்தனை எண், இந்த மூன்றும் இருக்க வேண்டும். நோட்டு விவரத்தை அடிக்கட்டையிலும் நீங்களே எழுதுங்கள். 500 எத்தனை, 200 எத்தனை என்று எழுதிய தாளைப் பிறகு மாற்றுவது கடினம். பாஸ்புக்கில் பேனாவால் எழுதித் தரும் என்ட்ரியை ஏற்காதீர்கள். "பிரிண்டர் ரிப்பேர்" என்றால் பரவாயில்லை, இன்னொரு நாள் போய் அடித்துக்கொள்ளலாம். அச்சடித்ததாக இருந்தாலும், அதே ஊழியர் பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தந்தது என்றால் அதுவும் போதாது. இருப்பை அவர் கை படாத வழியில் சரிபாருங்கள்: ஏடிஎம் மினி ஸ்டேட்மென்ட், வங்கியின் மிஸ்டு கால் எண், அல்லது வேறு கிளை.

எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் அதை நெட்வொர்க் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். கணக்கில் உள்ள மொபைல் எண்ணையே மாற்றிவிட்டுத் திருடுவது பழைய உத்தி. யுபிஐயில் சில நூறு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். வங்கியிலிருந்து உங்கள் போனுக்குப் பற்றுச் செய்தி வராவிட்டால், கணக்கில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று மறுநாளே கேளுங்கள்.

நிலையான வைப்புத்தொகை (ஃபிக்ஸட் டெபாசிட்) இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் போட்டுவிட்டு மூன்று வருஷம் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ரசீது போலியாக இருக்கலாம். அல்லது ரசீது உண்மையாகவே இருக்கும், ஆனால் அதன் பேரில் உங்களுக்குத் தெரியாமல் கடன் எடுக்கப்பட்டிருக்கும். அதற்கு வேண்டியது நீங்கள் "ஒரு ஃபார்மாலிட்டி" என்று போட்டுக் கொடுத்த கையெழுத்துகள்தான். நிரப்பாத வித்ட்ராயல் சீட்டில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள், அவர் உங்கள் மருமகனாகவே இருந்தாலும். ஆண்டுக்கு ஒருமுறை கிளையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த எண்ணில் டெபாசிட் இருக்கிறதா, அதன்மேல் லீன் (கடனுக்கு ஈடாகப் பணத்தைப் பிடித்து வைக்கும் உரிமை) ஏதும் போடப்பட்டிருக்கிறதா. இன்னொரு சோதனையும் இருக்கிறது. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கான ஆண்டுத் தகவல் அறிக்கையில், வங்கி தெரிவித்த வட்டி வருமானம் இருக்கும். ஐந்து லட்சம் போட்டதாக நீங்கள் நினைக்கும் வங்கியிலிருந்து வட்டியே காட்டவில்லை என்றால், அந்தப் பணம் அங்கே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

கிராமங்களில் வங்கி மித்ரா என்று வரும் முகவர்கள் வேறு வகை. அவர்கள் வங்கியால் நியமிக்கப்பட்டவர்கள். அவர்கள் செயலுக்கு வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அங்கேயும் மெஷினில் இருந்து வரும் சீட்டுதான் சாட்சி, அவருடைய நோட்டுப் புத்தகம் அல்ல. "ரேகை விழல, இன்னொரு வாட்டி வைங்கம்மா" என்றால் முதல் முறை என்ன ஆனது என்று சீட்டைக் கேளுங்கள். பணம் கட்ட வந்தவரின் இரண்டாவது ரேகையில் பணம் எடுக்கப்பட்டிருக்கலாம். சீட்டில் டெபாசிட் என்று இருக்கிறதா, வித்ட்ராயல் என்று இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அங்கேயே காட்டுங்கள்.

உண்மையாகவே நடக்க முடியாதவர்களுக்கு வழி இருக்கிறது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து, ரசீது கொடுத்துப் பணம் பெறும் வசதி செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. கிளையில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். வருகிறவரின் அடையாள அட்டையையும், வங்கி உங்களுக்கு அனுப்பிய சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்ட பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் அந்த ஊழியரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். அவர் அழுவார், பின்னால் வரும் தேதி போட்ட செக் தருவார், "பாஸ்புக்கைக் குடுங்க, சரி பண்ணித் தரேன்" என்பார். பாஸ்புக் கைமாறினால் ஆதாரமும் போகும். செக்கை வாங்கிக்கொண்டால், இது உங்கள் இருவருக்குமான கடன் விவகாரம் என்று வங்கி வாதாட இடம் கிடைக்கும். முதலில் எல்லாத் தாளையும் படம் எடுத்து, வேறு கிளையில் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். பிறகு கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார், நகலில் தேதியுடன் கையெழுத்து. அதே கடிதத்தில் குறிப்பிட்ட தேதியின் கேமரா பதிவையும் ரொக்க வவுச்சரையும் பாதுகாத்து வைக்கும்படி கேளுங்கள். கேமரா பதிவு சில மாதங்களில் அழிந்துவிடும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். காவல் நிலையத்தில் "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பினால், வங்கியாளர் செய்த நம்பிக்கை மோசடிக்கு இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(5) என்று தனிப் பிரிவே இருக்கிறது என்று புகாரிலேயே எழுதுங்கள், புகார் பெற்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.