லினக்ஸில் இரையும் ஒலி: அமைப்பைத் திருத்துவதா, யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குவதா?

காசை எடுப்பதற்கு முன், சத்தம் எந்த மாதிரி என்று காது கொடுத்துக் கேளுங்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

செலவு
அமைப்பு: ஒன்றுமில்லை.
யூஎஸ்பி கார்டு: சாதாரணமானது சில நூறு ரூபாய்.

உழைப்பு
அமைப்பு: கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.
யூஎஸ்பி கார்டு: பெரும்பாலும் செருகினால் போதும், அதை இயக்கும் டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிலேயே இருக்கிறது.

எது தீரும்?
அமைப்பு: பாட்டு தொடங்கும்போதும் நிற்கும்போதும் 'டப்' என்றால், கணினியின் உள் ஒலிச் சில்லை இயக்கும் இன்டெல் எச்டிஏ டிரைவரின் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். அதன் பவர்_சேவ் (power_save) மதிப்பை 0 ஆக்கினால் அநேகமாக அடங்கிவிடும். பேட்டரி சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஓயாத 'உஸ்' என்றால் டெர்மினலில் ஒலி அளவுகளைக் காட்டும் அல்சாமிக்சரைத் (alsamixer) திறந்து, எஃப்6 அழுத்தி உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மைக் வரிசை திறந்திருந்தால் 'எம்' விசையால் மூடுங்கள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை!
யூஎஸ்பி கார்டு: மவுஸை நகர்த்தும்போது 'கீச்' என்றால் அது பெரும்பாலும் மதர்போர்டின் மின் இரைச்சல். எந்த அமைப்பும் அதை முழுதாகப் போக்காது, கார்டுதான் வழி.

வேலைப்பளு ஏறும்போது மட்டும் 'படபட' என்று வெடித்தால் கார்டு வாங்காதீர்கள். லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயரின் குறைந்தபட்சக் குவாண்டத்தை (ஒரு தடவைக்குக் கையாளும் ஒலித் துண்டின் அளவு) 1024க்கு உயர்த்திப் பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் ரீங்காரம் நின்றால், அது மின்னிணைப்புக் கோளாறு. சரி, அப்போது கார்டு வாங்கினாலும் தீராமல் போகலாம். முதலில் வேறு சார்ஜரோடு சோதியுங்கள்.