தடைக்காலத்தில் இந்தோனேசியா: பாலியா, மேடானா, ஜோக்ஜகர்த்தாவா?

எங்கள் வீட்டில் நீண்ட பயணம் என்றால் ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் நடுவில்தான். மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளில்தான் அப்பா கரையில் இருப்பார். அதிலும் கடைசி இரண்டு வாரம் பெயின்ட், இஞ்சின், வலை என்று அவரை நகர்த்த முடியாது. அண்ணன் பிள்ளைகளுக்கு ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். மிஞ்சுவது மே மாதத்தின் பின்பாதி, பத்து நாள்.

இந்தோனேசியாவுக்கு இது அருமையான நேரம். ஜாவாவிலும் பாலியிலும் மழைக்காலம் ஏப்ரலோடு ஓய்ந்துவிடும். அந்த ஊர்ப் பள்ளி விடுமுறை ஜூன் பின்பாதியில்தான் ஆரம்பம். வெளிநாட்டுக் கூட்டம் குவிவது ஜூலை, ஆகஸ்டில். அதற்கு முன்னால் போய்விட்டால் மழைத் தொல்லையும் குறைவு, ரூம் வாடகையும் ஏறியிருக்காது.

எந்த ஊர் என்பதில்தான் வீட்டில் மூன்று கட்சி. மண்ணடியில் ஒரு டிராவல்ஸ்காரர் மூன்று ஊரையும் எட்டே நாளில் காட்டிவிடுவதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து மேப்பைப் பார்த்தேன். மேடான் சுமத்ரா தீவில், ஜோக்ஜகர்த்தா ஜாவாவில், பாலி தனித் தீவு. மேடானிலிருந்து பாலி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை ஏர்போர்ட் ஏர்போர்ட்டாக இழுத்தடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரே தீவு, நிதானமாக என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பாலி தங்கையின் ஆசை. கடற்கரை, உபுத் பக்கத்து நெல் வயல், தெருவுக்குத் தெரு கோயில் எல்லாம் உண்மைதான். நம்மவர்கள் நிறையப் போவதால் சாப்பாட்டுக்கும் கஷ்டமில்லை. விசாவுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபியா, அது மூன்று ஊருக்கும் பொது. நம் காசில் மூவாயிரத்துக்குள் வரும். பாலியில் மட்டும் 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலா வரி 1,50,000 ரூபியா தனி. கல்யாணமான புதுசில் இரண்டு பேராகப் போக நல்ல ஊர். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த ஏழு பேருக்கு இன்னொரு கடற்கரை எதற்கு?

மேடான் அம்மாவின் ஊர். அதாவது, பார்க்காமலேயே அவள் தன்னுடையதாக்கிக்கொண்ட ஊர். 19ஆம் நூற்றாண்டில் மேடானைச் சுற்றிய டெலிப் பகுதியின் புகையிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் ஜனங்கள் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கே 1884 முதல் நிற்கிறது. அந்தப் பகுதிக்குப் பெயரே கம்போங் மெட்ராஸ். அன்னை வேளாங்கண்ணிக்கு 2005இல் திறந்த ஆலயமும் இருக்கிறது. படத்தில் பார்த்தால் கோபுரம் வைத்த கோயில் போலவே தெரிகிறது. திருவொற்றியூர் வடிவுடையம்மனையும் பெசன்ட் நகர் மாதா கொடியேற்றத்தையும் ஒரு வருஷமும் விடாதவள் அம்மா. அங்கே கோயிலுக்கு ‘குயில்’, கடைக்கு ‘கெடை’, கப்பலுக்கு ‘கபால்’ என்று சொன்னதும், “அப்ப நானே பேசி சாமான் வாங்கிப்பேன்” என்றாள். கோலாலம்பூரில் மாறினால் அங்கிருந்து ஒரு மணி நேரம்தான். மூன்று நான்கு மணி நேரக் கார் பயணத்தில் தோபா ஏரி. சுமார் 74,000 வருஷத்துக்கு முன் வெடித்த எரிமலையின் வாய் அது. அன்று பறந்த சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் இன்றும் மண்ணுக்கடியில் கிடக்கிறது.

இத்தனை இருந்தும் இந்த முறை மேடானுக்கு நான் கை தூக்கவில்லை. மேடான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. ஜாவாவைப் போல அங்கே மே மாதத்தில் வானம் வெளுத்துவிடாது, எல்லா மாதமும் மழை உண்டு. சீசன் பார்த்துப் போக வேண்டிய ஊரில்லை என்பதால் அம்மாவை இன்னொரு சமயம் ஐந்து நாளில் கூட்டிப்போய் வரலாம்.

ஜோக்ஜகர்த்தாவுக்கு மே மாதம்தான் பொருத்தம். பிரம்பானான் கோயிலுக்கு எதிரே ராமாயண நாட்டிய நாடகம் 1961 முதல் நடக்கிறது. திறந்த மேடையில் நடப்பது மே முதல் அக்டோபர் வரைதான். 47 மீட்டர் உயரச் சிவன் கோயிலின் தெற்கு அறையில் இருப்பவர் அகத்தியர். பழைய பௌத்தக் கோயிலான பொரோபுதூரில் 2,672 புடைப்புச் சிற்பங்கள். மேலே ஏற ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், முன்னமே டிக்கெட் போட வேண்டும். புத்த பூர்ணிமைக் கூட்டத்தில் மட்டும் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அந்தச் சிற்பங்களில் ஒரு கப்பல் இருக்கிறது. அதைப் பார்த்தே ஒரு கப்பல் கட்டி 2003இல் ஜகார்த்தாவிலிருந்து ஆப்பிரிக்காவின் கானா வரை ஓட்டிப் போயிருக்கிறார்கள். அந்தக் கப்பல் இப்போது பொரோபுதூரிலேயே மியூசியத்தில் நிற்கிறது. போட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போனில் சிற்பத்தின் படத்தைக் காட்டினேன். நீலப் பெயின்ட் ஒட்டிய கட்டை விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் கட்டை கட்டிக்கிறான் பாரும்மா. எவ்ளோ காத்தடிச்சாலும் கவுறாது.” அப்புறம், “இத்த நேர்ல பாக்கலாமா?” என்றார். அப்பா ஒரு ஊரைப் பார்க்கணும் என்று தானாகக் கேட்டது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

ஜோக்ஜா என்றே முடிவாகிவிட்டது. போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். அம்மாவுடையது அக்டோபரில் முடிகிறது. முதலில் அதைப் புதுப்பிக்கக் கொடுக்கிறோம், டிக்கெட் அது கைக்கு வந்த பிறகு.