சமுதாய அறக்கட்டளையில் குடும்ப நிதி: பல வருட அனுபவம்

எங்கள் வட்டாரச் சமுதாய அறக்கட்டளையில் குடும்பத்தின் பெயரில் ஒரு நிதி தொடங்கிப் பல வருடம் ஆகிறது. போட்ட பணத்தை மற்றவர்களின் நிதிகளோடு சேர்த்து முதலீடு செய்கிறார்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கு நாலைந்து அளவில் உள்ளூர் அமைப்புகளுக்கு மானியமாகப் போகிறது. யாருக்கு என்று நாம் பரிந்துரைக்கலாம். முடிவு அறங்காவலர் குழுவுடையது. போட்டது போட்டதுதான், அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது.

வருடக் கட்டணம் ஏறத்தாழ ஒரு சதவீதம். ஆரம்பத்தில் அது உறுத்தியது. பிறகு ஒரு மாலை நேரப் பயிற்சி மையத்தைப் பரிந்துரைத்தேன். அறக்கட்டளையின் அலுவலர் நேரில் போய் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார், தணிக்கைக் கணக்கைக் கேட்டார், காசோலையில் யார் கையெழுத்து போடுகிறார்கள் என்று விசாரித்தார். ஒரே ஆள்தான். இரண்டாவது கையெழுத்துக்கு ஏற்பாடு ஆகும்வரை பணம் நின்றது. பிள்ளைகள் காத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரே எரிச்சல். ஆனால் கணக்கு ஒழுங்கானதும், அங்கேயே நிதி வைத்திருக்கும் வேறு சிலரும் அந்த மையத்துக்குக் கொடுத்தார்கள். அந்த ஒரு சதவீதம் இந்த வேலைக்குத்தான். தனி ஆளாக நான் போய்க் கேட்டால் பதிவேட்டைக் காட்டுவார்களா?

இந்த முறையை 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கியவர் பிரெடரிக் கோஃப் என்ற வங்கியாளர். பழைய உயில்கள் அவரை உறுத்தின. செயின்ட் லூயிஸில் 1851-இல் இறந்த பிரையன் முல்லன்ஃபி, மேற்கே குடியேறப் போகும் வழியில் அங்கு வரும் ஏழைகளுக்கென்று சொத்தில் ஒரு பங்கை எழுதிவைத்தார். காலப்போக்கில் அப்படி வருகிறவர்கள் அருகிப்போனார்கள், பணம் மட்டும் இருந்தது. அதனால்தான் தேவை மாறினால் நோக்கத்தையும் மாற்றும் அதிகாரத்தைக் குழுவிடம் கொடுக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. தன் விருப்பம் எக்காலத்துக்கும் அப்படியே நிற்கவேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காது.

குறைகளும் உண்டு. மானியம் என்ன ஆனது என்ற அறிக்கை தாமதமாக வரும், வந்தாலும் ஒரு படமும் நன்றிக் கடிதமும்தான். பதிவு செய்யாத சின்னக் குழுக்கள், நல்ல வேலை செய்தாலும், உள்ளே நுழையவே முடிவதில்லை. அவர்களுக்கு நான் இன்னமும் கையிலிருந்துதான் கொடுக்கிறேன்.

தனி நிதிக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டு. அவ்வளவு இல்லாதவர்கள் பொது நிதியில் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம். கையெழுத்திடும் முன், நமக்குப் பிறகு பரிந்துரைக்கும் உரிமை யாருக்கு என்று கேட்டு எழுதிவாங்குங்கள். நாங்கள் மகள் பெயரைக் கொடுத்திருக்கிறோம். அவளுக்குப் பின் பொது நிதியில் சேர்ந்துவிடும்.