1000 கல், பச்சைக் கட்டி, ஒரு பலகை: கத்தி தீட்டும் சாமான்கள் பற்றி

1000/6000 இருபக்கத் தண்ணீர்க்கல் (எண் கூடக் கூடக் கல் நைசு), கடைசியில் தீட்டக் கட்டையில் ஒட்டிய தோல், அதில் பூசும் பச்சை பாலிஷ் கட்டி. வீட்டுக் கத்திக்குப் பலரும் வாங்கச் சொல்லும் சாமான்கள் இவை. தினமும் மீன் வெட்டும் குமரி மாவட்டத்துப் பிச்சாத்தியில் (கத்தியில்) நெடுநாள் புழங்கியதில், கல்லில் பாதி வீண், தோல் இந்த ஊர் ஈரத்துக்குத் தாங்காது, கட்டி மட்டும் விட முடியாதது.

வேலை முழுவதும் 1000 பக்கத்தில்தான். கல் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறி, குமிழி நின்றதும் எடுக்கலாம். எண்ணெய் கூடவே கூடாது. பழைய கார்போரண்டம் கல்லில் தேங்காயெண்ணெய் விடுவார்கள். அது அங்கேயே பிசுக்காகிக் கல்லை அடைக்கும்.

கோணம் பிடிக்கக் கருவி வாங்க வேண்டாம். 45 மி.மீ. அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 12 மி.மீ. தூக்கினால் ஏறக்குறைய 15 டிகிரி, 15 மி.மீ. என்றால் 20. முள்ளும் தலையும் வெட்டும் கத்திக்கு 20 போதும். 15-இல் வாய் (வெட்டும் விளிம்பு) சீக்கிரம் மடங்கும். வாயோரம் மார்க்கர் மை பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை மிஞ்சும் இடத்தில் கல் படவில்லை.

ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் வாயோரம் மெல்லிய உலோகப் பிசிறு எழும். பிடியோரம் முதல் நுனி வரை அது விரலில் தட்டுப்படாமல் பக்கம் மாற்றக் கூடாது. விரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே தள்ளித்தான் தடவ வேண்டும். பலரும் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். பிசிறோடு விட்ட கத்தி முதலில் பிரமாதமாக வெட்டும். நாலு அயிலை மீன் அறுத்ததும் பிசிறு மடங்கி மழுங்கும், பழி கல்லின் மேல் விழும். மலிவான ஸ்டெயின்லெஸ்ஸில் பிசிறு லேசில் போகாது. கடைசி இழுப்புகளை அழுத்தமே இல்லாமல், பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இழுக்க வேண்டும்.

6000 பக்கத்தில் வாய் கண்ணாடியாகப் பளபளக்கும், தக்காளித் தோலில் வழுக்கும். மீன் தோலைப் பிடிக்கக் கொஞ்சம் நரநரப்பு வேண்டும்.

கல்லின் நடுவில் குழி விழும். பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடி மேல் விரித்த 220 நம்பர் வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேய்த்தால், கோடுகள் மறையும்போது கல் சமமாகிவிடும்.

தோலுக்கு வருவோம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. தோலில் பூஞ்சை வரும், பசை விடும். அழுத்தினால் தோல் அமுங்கி வாயின் மேல் ஏறி, கூர்முனையை உருட்டிவிடுவது வேறு. பனையேறிகள் பாளை அரிவாளைப் பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டுவார்கள். அதே வழிதான் நல்லது: முடிச்சில்லாத, இழைத்த மரத்துண்டில் பச்சைக் கட்டியை மெல்லப் பூசி, முதுகு முன்னே போக, வாய் பின்னே வர, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. பலகையின் முடிவில் கத்தியைத் திருப்பாமல் நேரே தூக்க வேண்டும். திருப்பினால் அந்த இடத்திலேயே கூர் போகும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் காய்கறிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

இந்தச் சாமான்கள் ரப்பர் பால் வெட்டும் கத்திக்கு உதவாது. அதன் வளைந்த மூலைக்குள் தட்டைக் கல் நுழையாது. பட்டறையில் அடித்த இரும்புக் கத்தி என்றால், உப்புக்காற்றில் ஒரே இரவில் துரு பிடிக்கலாம்; துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வைக்கவும்.

புதிதாக வாங்குபவர்கள் 1000 மட்டும் உள்ள தடித்த கல்லைக் கேளுங்கள்.