மிதி கடைசல்: மூன்று வருடம் மிதித்த பிறகு

"இன்னாப்பா, மாடில மாவாட்டறியா?" கீழ்வீட்டு மாமா இப்படிக் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. காட்பாடியில் எங்கள் மொட்டை மாடிக் கொட்டகையில், காலால் மிதித்து மரக்கிண்ணம் கடைகிற மிதி கடைசல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாமா கேட்பதைத்தான் விட்டுவிட்டார்.

சாமான் ரொம்ப எளிது. இடித்த வீட்டின் நிலைச்சட்டங்களை வாங்கி அடித்த சட்டகம். இரண்டு குத்துக்கால், ஒவ்வொன்றிலும் கூராகத் தேய்த்த ஒரு போல்ட். அவற்றின் நடுவில் கட்டை. கட்டையில் அறைந்த அச்சைச் சுற்றி ஒரு வார் போகும். அதன் ஒரு முனை மிதிப்பலகையில், மறுமுனை மேலே கட்டிய சைக்கிள் டியூபில். மிதித்தால் கட்டை நம்மை நோக்கிச் சுழலும், காலை எடுத்தால் டியூப் இழுத்து எதிர்ப்பக்கம் சுழலும். மிதிக்கும்போது மட்டும்தான் உளி வெட்டும். மத்தும் கயிறும் போகிற அதே போக்குதான். மோருக்கும் மரத்துக்கும் நாம் 'கடைவது' என்று ஒரே சொல் வைத்திருப்பது கால் வலித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதலில் தேங்காய் நார்க் கயிறு போட்டேன், ஒரே வாரத்தில் பிய்ந்தது. நைலான் வழுக்கியது. கடைசியில் ராணிப்பேட்டையிலிருந்து நண்பர் கொண்டுவந்த தோல் வார்தான் நின்றது. தோல் ஊரில் இருந்துகொண்டு முதலிலேயே இது தோன்றாமல் போனதை என்ன சொல்ல.

உளியில்தான் நிஜமாகவே ஏமாந்தேன். கிண்ணத்தின் உட்பக்கம் கடைய முனை வளைந்த கொக்கி உளி வேண்டும். இணையத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கியது மூன்றாம் நாளே பூவரசில் மடங்கியது. அப்புறம் கொல்லுப் பட்டறையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கொடுத்தார்கள். இரண்டரை வருடமாக அதேதான், தீட்டித் தீட்டி ஒரு விரற்கடை தேய்ந்திருக்கிறது.

மரம் பச்சையாக இருக்க வேண்டும். காய்ந்த கட்டையோடு கால் பலம் மல்லுக்கட்ட முடியாது. பச்சை வேம்பில் சீவல் ஈரமாக, சுருள் சுருளாக முழங்கையில் விழும்போது வருகிற சுகமே வேறு. ஆனால் அந்த வேப்பங்கிண்ணத்தில் வைத்த தயிர் கசந்தது. இப்போது சாவி போட்டு வைக்கிறோம். புளியமரம் முழங்காலை வாங்கிவிட்டது. தூங்குமூஞ்சி மிருதுதான், தூள் பறந்தால் தும்மல் நிற்காது. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு என் ஓட்டு பூவரசுக்கு.

இந்த ஊரில் கடைவதைவிடக் காயவைப்பதுதான் கஷ்டம். வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கத்திரி வெயிலில் ஒரு கிண்ணத்தை மாடிச் சுவர்மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ரசம் ஊற்றும்போது மேலே 'படீர்' என்று சத்தம். விளிம்பிலிருந்து அடிவரை விரல் நுழையும் விரிசல். அதற்குப்பின், கட்டையைப் பிளந்ததும் மரத்தின் நடு மையத்தைச் செதுக்கித் தள்ளிவிடுகிறேன். அது உள்ளே இருந்தால் வெடிப்பு நிச்சயம். கடைந்த கிண்ணத்தை அதன் சீவலோடே அரிசிச் சாக்கில் கட்டி, காற்றுப் படாத உள்ளறையில் மூன்று வாரம் விட்டுவிடுவேன். இப்போது பத்தில் இரண்டுதான் வெடிக்கிறது. மே மாதம் கடைவதே இல்லை.

கிண்ணத்தில் பூச எண்ணெய் என்றால் ஆளிவிதை எண்ணெய். தேங்காயெண்ணெய் காயாது, சிக்கு வாடைதான் மிஞ்சும். பெயிண்ட் கடையில் விற்கும் கொதிக்கவைத்த ஆளி எண்ணெய் வேண்டாம், அதில் சீக்கிரம் காய மருந்து கலந்திருப்பார்கள்.

கடைசலை வாங்கலாமா, செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்துகொள்ளுங்கள். ஒரு கிண்ணத்துக்கு எனக்கு இன்றும் மூன்று மணி நேரம் ஆகிறது, விற்றுப் பிழைக்க இது உதவாது. கரண்ட் வேண்டாம், தூசி குறைவு, கை நழுவினாலும் காலை எடுத்தால் போதும். இடது இடுப்பு மட்டும் மறுநாள் பேசும்.

இன்னொன்று, வட்டம் வட்டமாக நிற்காது. நார் ஓடும் திசையில் 8 அங்குலம் அப்படியே இருக்க, குறுக்கே ஏழரையாகச் சுருங்கி முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். முதல் பூவரசுக் கிண்ணம் அப்படி ஆனபோது எனக்கு ஒரே வருத்தம். அம்மாதான் அதை எடுத்துப் புளி கரைக்க வைத்துக்கொண்டார். "கோணினதும் நல்லதுக்குதான்டா, மூக்கு வெச்ச மாதிரி ஒரு சொட்டு சிந்தாம ஊத்துது" என்றார்.