கேட்டைப் பார்த்துக் குரைக்கும் நாய்: கழுத்துக் காலரா, மறைப்பா, பயிற்சியா?

கூரியர்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். எப்படியும் போகத்தான் வந்தவர். நாயோ, தான் குரைத்ததால்தான் ஓடினார் என்று கணக்குப் போடுகிறது. தினம் நாலு முறை ஜெயிக்கும் ஆட்டத்தை அது ஏன் விடப்போகிறது?

சிட்ரோனெல்லா காலர் குரைத்ததும் தாடைக்குக் கீழே எலுமிச்சை வாசனையைப் பீய்ச்சும். முதல் சில நாள் வீடே அமைதியாகும். பிறகு பல நாய்களுக்கு அது பழகிவிடும். மைக்கை மட்டும் நம்பும் மாடலென்றால் பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் நம் நாய்க்குத்தான் அடி. குரைத்ததும் மின் அதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலர் அதைவிட மோசம். ஆளைப் பார்க்கும்போதெல்லாம் வலித்தால், ‘இவர் வந்தால் வலிக்கும்’ என்று மனதில் பதியும்; குரைப்பு அடங்கி, எச்சரிக்கையில்லாமல் கடி விழலாம். வேல்ஸில் 2010-லேயே இதற்குத் தடை. குரைத்ததும் கூரிய ஒலி எழுப்பும் அல்ட்ராசானிக் கருவியின் சத்தம் நமக்குக் கேட்காது, சும்மா படுத்திருக்கும் இரண்டாவது நாய்க்குக் கேட்கும்.

காலருக்குக் கொடுக்கும் காசில் கேட்டை மறைத்துவிடலாம். நாய் பின்னங்காலில் நின்றாலும் எட்டிப் பார்க்க முடியாத உயரத்துக்குத் தகரமோ, ஊடே பார்க்க முடியாத பாலிகார்பனேட் ஷீட்டோ அடியுங்கள். பலர் மறைக்காமல் விட்டுவிடுவது கேட்டுக்கு அடியிலுள்ள இடைவெளியை. நாய் படுத்துக்கொண்டு அதன் வழியாகச் செருப்பைப் பார்த்தே குரைக்கும். ஆனால் காலிங்பெல் சத்தத்தை ஷீட் தடுக்காது.

அதற்குப் பயிற்சிதான். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி வையுங்கள். வீட்டில் ஒருவர் பெல் அடிக்கட்டும். நாய் இரண்டு மூன்று முறை குரைத்ததும், தணிந்த குரலில் ஒரே தடவை ‘போதும்’ சொல்லி, துண்டை மூக்கருகே நீட்டுங்கள். மோப்பம் பிடிக்கும்போது தானாக வாய் மூடும். இரண்டு விநாடி அமைதிக்குப் பிறகே கொடுக்க வேண்டும். அடுத்து 3, 5, 10 விநாடி. 3-லிருந்து 30-க்குத் தாவினால் சொதப்பும். ‘சும்மா இரு!’ என்று கத்தினால், நாமும் சேர்ந்து குரைப்பதாகவே அதற்குத் தோன்றும். போகப் போக, துண்டுக்காகவே குரைக்கும் தந்திரமும் வரும். அப்போது பெல் அடித்ததும் குரைப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஆகவே முதலில் ஷீட், கூடவே பயிற்சி. காலர் வேண்டாம்.

ஆளில்லாத வீட்டில் மட்டும் குரைத்தால் கதை வேறு. கிளம்பும் முன் ஒரு போனில் வீடியோ ரெக்கார்டிங் போட்டு வைத்துவிட்டுப் போங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஊளை, எச்சில் வடிதல், கதவைப் பிறாண்டுதல் எல்லாம் தெரிந்தால் அது பிரிவுப் பயம். ஷீட்டால் பயனில்லை, காலர் பயத்தைக் கூட்டும். கால்நடை மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள்.